மர்ஸூக்கின் பின்சில்லு

வெள்ளவத்தை நாகேந்திரத்தார் முப்பத்துநான்கு வருடம் கொழும்புத் துறைமுகத்தில் சுங்கப் பரிசோதகராக இருந்தவர். பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார் என்று பெயர். ஒருமுறை நெதர்லாந்திலிருந்து வந்த பால்மாப் பெட்டியை மணந்து பார்த்துவிட்டு, "இதை அடைச்ச மனுசனுக்குத் தடிமன்" என்றாராம். எழுதி விசாரித்தார்கள். மூன்று மாதம் கழித்து, உண்மைதான், அன்றைக்கு மூக்கொழுகும் தடிமன்தான் என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை அவர் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். டச்சு மொழியில் இருந்தபடியால் ஒருவரும் வாசிக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு மணந்து பார்க்கப் பெட்டிகள் இல்லை. ஆட்கள்தான் இருந்தார்கள். மீன்காரரின் தராசு, மேல்வீட்டுத் தண்ணீர் மோட்டார், கோயில் பொங்கலில் விழுந்த கஜுப் பருப்பின் எண்ணிக்கை, எதைப் பார்த்தாலும் "இதிலை என்னவோ இருக்கு" என்பார். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அது இன்னும் பெரிய சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும்.

அறுபத்தேழாவது வயதில் அவர் சைக்கிளில் ஏறினார். பருத்தித்துறையிலிருந்து வெள்ளவத்தைக் கடற்கரை வரை ஆறு நாள் தர்ம ஓட்டம். அணிக்கு மூன்று பேர். ஓடி முடிக்கும் ஒவ்வோர் அணியின் பேரிலும் ஒரு கம்பனி ஒரு பிள்ளைக்குச் சக்கர நாற்காலி கொடுக்கும். கடையில் வாங்கும் நாற்காலி இல்லை, அந்தப் பிள்ளையின் முதுகுக்கும் இடுப்புக்கும் அளவெடுத்துச் செய்தது. நாகேந்திரத்தாரின் அணிக்கு விழுந்த பேர் அகீலா. கொட்டாஞ்சேனைப் பிள்ளை, ஒன்பது வயது. அவளுடைய நாற்காலி ஏற்கெனவே செய்யப்பட்டு, வெள்ளவத்தையில் பொலித்தீன் கழற்றாமல் நின்றது.

ஒரு நிபந்தனை இருந்தது. மூவரும் முழுத்தூரத்தையும் தங்கள் காலால் மிதித்தே வரவேண்டும். கூடவரும் சாப்பாட்டு வானில் ஏறக்கூடாது, வேறொரு வாகனத்தைப் பிடித்துக்கொண்டும் வரக்கூடாது. கடைசித் தரிப்பு கொட்டாஞ்சேனை; அதற்குப் பிறகு வெள்ளவத்தைவரை ஊர்வலம்தான், கணக்கில்லை. அங்கே பகல் பன்னிரண்டு மணிக்கு முன் அணித்தலைவர் அதை அட்டையில் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். கையெழுத்து இல்லையென்றால் அணி ஓடவே இல்லை என்றுதான் அர்த்தம். நாற்காலி பொலித்தீனோடு திரும்பிப் போகும்.

வயதைப் பார்த்து நாகேந்திரத்தாரைத் தலைவராக்கினார்கள். ஆக்கினவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. தன் கண்ணால் பார்க்காத எதற்கும் கீழே அவர் இதுவரை கையெழுத்து வைத்ததில்லை. தன் கல்யாணப் பதிவிலும், பொம்பிளை உள்ளேதான் இருக்கிறா என்பதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தவர்.

அணியின் மற்ற இருவரில் ஒருத்தி தனுஷியா, பாமன்கடையில் பல் டொக்டர். மற்றவர் மர்ஸூக். கிராண்ட்பாஸில் பயணப் பைகளுக்குச் சிப் தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருப்பவர். ஐம்பத்துமூன்று வயது. சைக்கிளில் ஏறினால் அவருடைய வயிறு அவருக்கு ஒரு முழம் முன்னால் போகும். இப்படிப்பட்ட மர்ஸூக் முதல்நாள் கிளிநொச்சிக்கு மற்ற இருவருக்கும் ஒரு மணித்தியாலம் முந்திப் போய்ச் சேர்ந்து, வாசலில் வெறுந்தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சேட்டில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

நாகேந்திரத்தார் சேட்டைப் பார்த்தார். பிறகு வானைப் பார்த்தார். அணிக்குச் சாப்பாடும் தண்ணீரும் ஏற்றிவந்த அந்த வானை ஓட்டியவர் முர்ஷித். மர்ஸூக்கின் பெண்சாதியின் தம்பி. வானின் பின்பக்கம் முழுக்கத் திரை போட்டிருந்தது. நாகேந்திரத்தார் திரையை விலக்கப் போனபோது முர்ஷித் குறுக்கே வந்தார்.

"அங்கால வேணாம் ஐயா. சாமான் ஈக்கி."

"என்ன சாமான்?"

"சும்மா, வீட்டுச் சாமான்."

முப்பத்துநான்கு வருடத்தில் "சும்மா, வீட்டுச் சாமான்" என்று சொல்லப்பட்ட எந்தப் பெட்டிக்குள்ளும் வீட்டுச் சாமான் இருந்ததை நாகேந்திரத்தார் கண்டதில்லை.

இரண்டாம் நாள் முறிகண்டி தாண்டியதும் எதிர்க்காற்று பிடித்தது. சாதாரணக் காற்றில்லை. ஒரு காகம் தெற்குப்பக்கமாக அவருக்கு முன்னால் பறந்துகொண்டிருந்தது. அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தபோது அது அவருக்குப் பின்னால் பறந்துகொண்டிருந்தது. இவ்வளவுக்கும் அது ஒரு கணமும் செட்டையை நிறுத்தவில்லை. தனுஷியா இளம்பிள்ளை, முன்னே போய்விட்டாள். மர்ஸூக் எங்கே என்று ஆண்டவனுக்கும் முர்ஷித்துக்கும்தான் தெரியும்.

அப்போது, மாங்குளத்துக்குக் கிட்ட, வத்தகப்பழம் ஏற்றிய ஓர் உழவு இயந்திரம் ஆறுதலாக அவரைக் கடந்து போனது. அதன் இழுவைப்பெட்டியின் பின்பலகையை அவருடைய இடதுகை பிடித்துக்கொண்டது. கை பிடித்ததே தவிர, தான் பிடிக்கவில்லை என்பதே அவருடைய நிலைப்பாடு. சாரதி திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, ஏறி இருங்கோவன். பழத்தோடை பழமா."

நாகேந்திரத்தார் முன்னால் பார்த்தபடி விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தார். எண்ணுவது தொழில் பழக்கம். பதினாறாவது கம்பத்தில் கை தானாக விட்டது. அரை மைல்.

ஒருவரும் காணவில்லை. ஆனால் அந்த அரை மைலுக்குப் பிறகு மர்ஸூக்கின் மீது அவருக்கிருந்த சந்தேகம் மூன்று மடங்காகிவிட்டது. வானில் ஏறி நூறு மைல் வந்த ஒருவர் அணியில் இருந்தால், அரை மைல் ஒரு பொருட்டா? மர்ஸூக்கைப் பிடித்தே ஆகவேண்டும் என்று அவருக்கு வந்துவிட்டது.

அன்று பின்னேரம் வவுனியாவில் தனுஷியாவைத் தனியே கூப்பிட்டார்.

"பிள்ளை, உமக்கு ஒண்டும் விளங்கேல்லையோ?"

"என்ன அங்கிள்?"

"மர்ஸூக்கின்ரை சேட்டைப் பாரும். நீர் தோஞ்சு போய் நிக்கிறீர். நான் தோஞ்சு போய் நிக்கிறன். அந்தாள் மாப்பிள்ளை மாதிரி நிக்குது."

"அவர் வெள்ளன வெளிக்கிடுறவர் அங்கிள். சுபஹ் தொழுதிட்டுத் திரும்பப் படுக்கிறேல்லையாம். அஞ்சேகாலுக்கு ஏறிடுவார். வெயிலுக்கு முதலே பாதித்தூரம் போயிடும்."

"ஒருத்தரும் காணாத நேரத்திலை வெளிக்கிடுறார். வானும் அதே நேரத்துக்குத்தான் வெளிக்கிடுது. வானுக்குத் திரை. வான் ஓடுறது மச்சான்காரன். இவ்வளவையும் ஒரு பேப்பரிலை எழுதிப் பாரும்."

"நான் பல்லைத்தான் அங்கிள் எழுதிப் பாக்கிறனான். நீங்கள் உப்பிடிக் கடிச்சால் கடவாய்ப்பல்லு தேயும்."

மூன்றாம் நாள் அநுராதபுரத்தில், மற்றவர்கள் சோறு சாப்பிடப் போன நேரம், நாகேந்திரத்தார் தன் பையின் அடியிலிருந்து ஒரு நூல்கட்டையை எடுத்தார். பெட்டிகளுக்கு முத்திரை வைக்கப் பாவித்த வெள்ளை நூல். ஞாபகத்துக்கென்று வைத்திருந்தார். மர்ஸூக்கின் பின்சில்லுக் கம்பி ஒன்றையும் சைக்கிள் சட்டத்தையும் சேர்த்துக் கட்டி முடிச்சுப் போட்டார். சில்லு கால்வாசி சுற்றினாலே நூல் அறும்.

அது வெறும் முடிச்சில்லை. பிரித்தால் திரும்ப அதே மாதிரிப் போட வராது. உலகத்தில் மூன்று பேருக்குத்தான் அது தெரியும். ஒருவர் அவருடைய பழைய மேலதிகாரி பொன்னம்பலம், காலமாகிவிட்டார். இரண்டாவது அவரே. மூன்றாவது, பரிசோதித்த பெட்டிகளைத் திரும்பக் கட்டிக்கொடுத்த ஒரு துறைமுக நாட்டாமி. சுமை தூக்கித் தூக்கித் தோள் காய்ச்சுப்போன, பேச்சு இல்லாத மனிதர். எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். பேர் மறந்துவிட்டது.

நாலாம் நாள் பின்னேரம் புத்தளம். மர்ஸூக் வழமைபோல முந்தி வந்து, உலர்ந்த சேட்டோடு இருந்தார். நாகேந்திரத்தார் செருப்பு வார் கழன்றதுபோலப் பின்சில்லருகே குனிந்தார். நூல் அறவில்லை. முடிச்சு, அவர் போட்ட முடிச்சு. எழுபத்தைந்து கிலோமீற்றர் ஓடி வந்த சைக்கிளின் பின்சில்லு கால்சுற்றும் சுற்றியிருக்கவில்லை.

ஐந்தாம் நாள் நீர்கொழும்பு. நூல் அப்படியே இருந்தது.

ஒருவரைப் பிடித்துவிட்டால் வரும் நிம்மதி அவருக்கு வந்திருக்கவேண்டும். வரவில்லை. பிடித்தால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லையென்றால் நாற்காலி இல்லை. அளவெடுக்கும்போது அந்தப் பிள்ளை, நாற்காலிக்குப் பிரேக் இரண்டு பக்கமும் வருமா என்று கேட்டதாம். அது வேறு அவருக்குள் கிடந்து குத்தியது.

ஆறாம் நாள் பதினொன்றேகாலுக்கு அவரும் தனுஷியாவும் கொட்டாஞ்சேனையில் கடைசித் தரிப்பான கல்யாண மண்டப முற்றத்துக்குள் நுழைந்தார்கள். மேசையில் ஷிம்னா என்ற பிள்ளை அட்டையும் றப்பர் முத்திரையுமாக இருந்தாள். மர்ஸூக் நிழலில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நூல் அப்படியே இருந்தது.

"அங்கிள், பன்னெண்டுக்கு மேசையை எடுக்கிறம்," என்றாள் ஷிம்னா. "உங்கட அட்டை மட்டுந்தான் மிச்சம்."

"பொறும் பிள்ளை. ஒரு விசாரணை இருக்கு. மர்ஸூக், இங்கை வாரும்."

மர்ஸூக் கோப்பையோடு வந்தார். "செல்லுங்க ஐயா."

"ஆறு நாளா உம்மட சேட்டு நனையேல்லை. காரணம் சொல்லும்."

"நனையாமலா? ஊத்துது ஐயா. நான் வந்து குளிச்சி வேற சேட்டுப் போட்டுத்தானே இருக்கிற. உங்களுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி வாற."

"அப்ப நனைஞ்ச சேட்டு எங்கை?"

மர்ஸூக் முர்ஷித்தைப் பார்த்தார். முர்ஷித் தரையைப் பார்த்தார். நாகேந்திரத்தார் நேரே போய் வானின் திரையை இழுத்தார். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, ஆறு சேட்டும், நாலு சாரமும், ஒரு குடும்பத்துக்குக் காணும் அளவு பெனியனும் காய்ந்துகொண்டிருந்தன.

"டொக்டர் மிஸ்ஸும் தண்ணி எடுக்க வாற வான்," என்றார் மர்ஸூக் மெதுவாக. "என்ட பெனியன் எல்லாம் தொங்குது. அதுக்குத்தான் என்ட பொஞ்சாதி பைறோஸா திரை தச்சித் தந்த."

தனுஷியா வேறு பக்கம் திரும்பி நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது.

நாகேந்திரத்தார் விடவில்லை. பின்சில்லைக் காட்டினார். "சரி. அநுராதபுரத்திலை நான் கட்டின நூல் இது. சில்லு உருண்டால் அறவேணும். மூண்டு நாளா அறேல்லை. இப்ப சொல்லும், நீர் மிதிச்சு வந்தனீரோ, இல்லாட்டில் வானிலை சைக்கிளையும் ஏத்திக்கொண்டு வந்தனீரோ?"

மர்ஸூக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஐயா அதுக்கா கட்டின?"

"வேறெதுக்கு?"

"நான் நெனச்ச, நீங்க கோயில்ல பூசை செஞ்ச நூலை எனக்குக் காவலுக்குக் கட்டியிருக்கிறீங்க எண்டு. எங்கட ஆக்களும் ஓதிக் கட்டுறதானே. நான் தனிய இருட்டோட போறவன், அதுக்காக வயசாளி ஒருத்தர் ஒருத்தருக்கும் செல்லாம வந்து கட்டியிருக்கிறார் எண்டு எனக்குக் கண்ணால தண்ணி வந்திட்டு. அத அறுத்துட்டு ஏறினா உங்கட மனசு நோகும். அதால விடிய அவுத்து, தொப்பிக்குள்ள வெச்சுக்கொண்டு வந்து, எறங்கினதும் அதே எடத்துல கட்டின."

"பொய். அந்த முடிச்சை அவிழ்த்தால் திரும்பப் போட ஏலாது. அது மூண்டு பேருக்குத்தான் தெரியும்."

மர்ஸூக் குனிந்தார். பை தைக்கும் விரல்கள். நூல் அவிழ்ந்தது, வளைந்தது, உள்ளே போய் வெளியே வந்தது, முடிச்சாகி நின்றது. நாகேந்திரத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அதே முடிச்சு.

"எங்கட வாப்பா ஹார்பர்ல நாட்டாமியா இருந்தவர்," என்றார் மர்ஸூக். "சின்னதுல எங்களுக்குச் சப்பாத்துக் கட்டிவிடுறதும் இந்த முடிச்சுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து நாங்க சப்பாத்தோடதான் படுக்கிற."

"எனக்கு இந்த மூண்டு நாளிலை ஏழு பஞ்சர்," என்றாள் தனுஷியா. "அவருக்கு ஒண்டும் இல்லை. எனக்கேன் அங்கிள் நூல் கட்டேல்லை?"

மணி பதினொன்று முப்பத்தெட்டு. ஷிம்னா பேனையை நீட்டினாள். நாகேந்திரத்தார் உட்கார்ந்து, "நாங்கள் மூவரும் முழுத்தூரத்தையும்" என்று எழுதினார். பேனை அங்கேயே நின்றது. அணியில் இப்போது ஒரே ஒரு பெட்டிதான் திறக்காமல் இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று மணக்கத் தேவையில்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

"மாங்குளத்துக்கு இஞ்சாலை," என்றார் அட்டையைப் பார்த்தபடி, "வத்தகப்பழம் ஏத்தின மெஷின் ஒண்டு. பதினாறு விளக்குக் கம்பம்."

ஒருவருக்கும் உடனே விளங்கவில்லை. விளங்கியபோது முர்ஷித்தான் முதலில் வாய் திறந்தார். "ஐயாவா? மெஷினப் பிடிச்சா?"

"கைதான் பிடிச்சது."

"எந்தக் கை?" என்று கேட்டார் மர்ஸூக். அவர் சிரிக்கவில்லை.

"இடது."

ஷிம்னா விதிகள் அடித்த தாளைப் புரட்டினாள். பிறகு யாருக்கோ கோல் எடுத்து, "ஓம்... இல்ல, அவரே சொல்றார்... வத்தகப்பழம்" என்று கதைத்துவிட்டு வைத்தாள். "குறைஞ்ச தூரத்தைப் பன்னெண்டுக்கு முதல் மிதிச்சு முடிச்சு, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்து வைக்கட்டாம். பாத்த ஒருத்தரும் கையெழுத்து வைக்கோணுமாம்."

"பதினாறு கம்பம்," என்று நாகேந்திரத்தார் எழும்பினார்.

"அது மெயின் ரோட்டுக் கம்பம் ஐயா," என்றார் மர்ஸூக். "கொட்டாஞ்சேனைக் கம்பம் கிட்டக் கிட்ட நிக்கும். இருவத்தேழு எண்டாத்தான் சரி வரும்."

"முப்பது போடும். குறையெண்டு ஒருத்தன் சொல்லப்படாது."

நாகேந்திரத்தார் சைக்கிளில் ஏறியதும் மர்ஸூக் தன் பின்சில்லிலிருந்த நூலை அவிழ்த்துக்கொண்டு வந்தார். நாகேந்திரத்தாரின் இடது மணிக்கட்டையும் ஹாண்டிலையும் சேர்த்துக் கட்டினார்.

"இதென்ன காணும்?"

"கைதான் பிடிச்சதெண்டு நீங்கதானே செல்றீங்க. அப்ப கையத்தான் கட்டணும்."

தன்னைக் குற்றவாளியாகக் கட்டிய முடிச்சை நாகேந்திரத்தார் ஒருமுறை பரிசோதித்தார். பிழை சொல்ல ஒன்றும் இல்லை. "நீர் ஏன் பின்னாலை வாறீர்?"

"பாக்காததுக்குக் கீழ நானும் கையெழுத்து வெக்க மாட்டன் ஐயா."

கொட்டாஞ்சேனைத் தெருவில் பகல் பன்னிரண்டுக்கு முன்னால் முப்பது கம்பம் மிதிப்பது, முறிகண்டிக் காற்றுக்கு எதிரே காகம் பறப்பதைவிடக் கஷ்டம். பஸ் ஒன்று நடுவே நின்று ஆட்களை ஏற்றியது. மூன்று ஓட்டோக்கள் ஒரே இடைவெளிக்குள் புகுந்தன. பத்தொன்பதாவது கம்பத்தில் சீமெந்து லொறி ஒன்று மெல்ல அவரைக் கடந்தது. பின்பலகை கைக்கெட்டும் தூரம். இடதுகை ஒருமுறை துடித்ததை மர்ஸூக் பின்னாலிருந்து கண்டார். நூல் இறுகியது. அறவில்லை.

"இருவது," என்றார் மர்ஸூக் உரத்து.

பூக்கடைக்காரர், "மொக்கத மே?" என்று, இதென்ன என்பதைச் சிங்களத்தில் கேட்டார். "கஸ்டம்ஸ் செக்கிங்," என்று சொல்லிவிட்டு மர்ஸூக் மிதித்தார்.

பதினொன்று ஐம்பத்தாறுக்கு இருவரும் முற்றத்துக்குள் வந்தார்கள். நூலை அவிழ்க்க நேரமில்லை. முர்ஷித் சைக்கிளை அப்படியே மேசையோடு சாத்திப் பிடிக்க, இடதுகை ஹாண்டிலில் கட்டியபடி இருக்க, நாகேந்திரத்தார் வலதுகையால் தொடங்கின வசனத்தை வெட்டிவிட்டு, சுங்கப் பரிசோதகர் எழுதுவதுபோல எழுதினார்:

"பரிசோதிக்கப்பட்டது. மர்ஸூக்: குறை இல்லை. தனுஷியா: குறை இல்லை. நாகேந்திரம்: மாங்குளத்துக்கு அருகில் பதினாறு கம்பம் குறை. கொட்டாஞ்சேனையில் முப்பது கம்பமாக நிரப்பப்பட்டது. பார்த்தவர்: மர்ஸூக்."

கையெழுத்து வைத்தார். மர்ஸூக் வைத்தார். ஷிம்னா முத்திரையைக் குத்தியபோது அவளுடைய மணிக்கூட்டில் இரண்டு நிமிடம் மிச்சமிருந்தது.

வெள்ளவத்தைக்கு மூவரும் ஒன்றாகவே போனார்கள். ஆறு நாளில் அதுதான் முதல்தடவை. நூலை யாரும் அவிழ்க்கவில்லை. பழைய அலுவலகத்தைக் கடக்கும்போது வலதுகையால் சலாம் வைக்க முயன்று நாகேந்திரத்தார் விழப்பார்த்தார்.

கடற்கரையில் பந்தலடியில் அகீலா புதிய நாற்காலியில் இருந்தாள். பொலித்தீன் கழற்றியாகிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. இடது பிரேக்கை இழுத்துப் பார்த்தாள். வலது பிரேக்கை இழுத்துப் பார்த்தாள். சில்லைச் சுண்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு, ஹாண்டிலிலிருந்து அறுத்துவிட்ட பின்னும் நாகேந்திரத்தாரின் மணிக்கட்டில் தொங்கிய நூலைப் பார்த்து அட்டையைக் கேட்டு வாங்கினாள். இரண்டுதரம் வாசித்தாள்.

"அங்கிள், இந்த முப்பதையும் ஆரு எண்ணின?"

"மர்ஸூக் மாமா."

"அவரு சரியா எண்ணினதெண்டு ஆரு பாத்த?"

இருபத்தொன்றுக்கும் இருபத்துநான்குக்கும் இடையில் பஸ் ஒன்று குறுக்கே நின்றது அப்போதுதான் நாகேந்திரத்தாருக்கு ஞாபகம் வந்தது. அவர் பிள்ளையை ஒரு புதிய மரியாதையோடு பார்த்துவிட்டு, மர்ஸூக்கைத் தேடித் திரும்பினார்.

மர்ஸூக் வானுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தார். சேட்டு உலர்ந்திருந்தது.